புது போன் படுத்துகிறதா? என்னிடம் கொண்டுவரும் முன் இதைப் பாருங்கள்

மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு சந்தில் பதினாறு ஆண்டுகளாக போன் பழுது பார்க்கிறேன். புது போனைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டே வகை. ஒரு வகையினரின் போனில் கோளாறே இருக்காது. ஒட்டிய கண்ணாடி, மாட்டிய கவர், பழைய சிம், பழைய கேபிள், மாறிப்போன ஒரு செட்டிங் என்று ஏதோ ஒன்று படுத்திக்கொண்டிருக்கும். இன்னொரு வகையினரின் போன் உண்மையாகவே கெட்டிருக்கும். அதில் நான் கை வைக்கக் கூடாது. பின்மூடியைச் சூடுகாட்டி நான் ஒருமுறை பிரித்துவிட்டால், அதற்குப் பிறகு கம்பெனிக்காரர் உங்கள் பில்லைக் கையில்கூட வாங்கமாட்டார். இரண்டு வகையிலும் எனக்கு வருமானம் இல்லை, உங்களுக்கு அலைச்சல்தான் மிச்சம். வாரத்துக்கு நாலு தடவை இதையே சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

## எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் நாளை எண்ணுங்கள்

மேலூரிலிருந்து ஒருவர் வந்தார். வாங்கிய இரண்டாம் நாளே திரையில் பச்சைக் கோடு. தானாகப் போய்விடும் என்று இரண்டு நாள் பொறுத்திருக்கிறார். பிறகு கடைக்குப் போயிருக்கிறார். ‘அப்டேட் வரும், அதில் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதையும் நம்பிக் காத்திருந்து என்னிடம் வந்தபோது ஒன்பதாம் நாள். அவருடைய பில்லின் பின்பக்கத்தில் மாற்றித் தரும் காலம் ஏழு நாள் என்று அச்சடித்திருந்தது. ஏழாம் நாள்வரை அது புது போனாகக் கைக்கு வந்திருக்கும். எட்டாம் நாளிலிருந்து பழுது பார்த்த போனாக மட்டும்தான் வரும்.

இந்தக் கெடு கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் ஏழு நாள். சில இடங்களில் பத்து, பதினான்கு. உங்களுடையது எத்தனை என்பதைப் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் பார்த்து, கடைசி நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கீழே நான் சொல்லும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கு மேல் போராட வேண்டாம்.

கூடவே, போனில் *#06# என்று அழுத்துங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண்கள். பெட்டியின் மேல் அச்சடித்த எண், பில்லில் உள்ள எண், திரையில் வரும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் பக்கத்து வாடிக்கையாளரின் எண்ணை உங்கள் பில்லில் அடித்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பழுது வரும் நாளில்தான் அது தெரியவரும். அன்றைக்கு ‘இது எங்கள் கடையில் வாங்கிய போனே இல்லை’ என்பார்கள்.

பெட்டி, உள்ளிருந்த தாள், சிம் ஊசி, கேபிள் எதையும் தொலைக்காதீர்கள். பெட்டி இல்லையென்று மாற்ற மறுப்பதுதான் எல்லாருக்கும் எளிதாகக் கிடைக்கும் சாக்கு.

## போன் உயிரே பெறவில்லை

பதறாதீர்கள். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த போனில் சார்ஜ் அடியோடு இறங்கியிருக்கலாம். அப்படியானால் செருகியவுடன் சார்ஜ் படம்கூட வராது. அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள், அடாப்டரை மாற்றிப் பாருங்கள், மின்சாரம் வரும் ப்ளக்கையும் மாற்றிப் பாருங்கள். ப்ளக்கை மாற்றச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆடிப்போன ப்ளக் பாயின்டினால் ஒரு நாள் முழுவதும் அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அதற்கும் அசையவில்லையென்றால் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐபோன் என்றால் வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும்.

அதிர்கிறது, மணி அடிக்கிறது, ஆனால் திரை கறுப்பு: போன் உயிரோடுதான் இருக்கிறது. டிஸ்பிளே போய்விட்டது, அல்லது உள்ளே அதன் இணைப்பு கழன்றிருக்கிறது. உங்களால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. கடைக்குப் புறப்படுங்கள்.

கம்பெனிப் பெயர் வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை: மென்பொருள் சிக்கலாக இருக்கலாம். வாங்கிய முதல் வாரத்தில் இதற்கு வைத்தியம் பார்க்காதீர்கள். அதே நிலையில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நீங்கள் சரிசெய்துவிட்டால், கெடு முடிந்த எட்டாம் நாள் அதே கோளாறு மறுபடி வரும்.

ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டும் துடிப்பே இல்லை: இதை ‘டெட்’ என்பார்கள். சர்வீஸ் சென்டரில் ‘டி.ஓ.ஏ.’ என்ற சான்று தருவார்கள். வரும்போதே செத்து வந்தது என்று பொருள். அந்தத் தாள் இருந்தால் கடையில் வாக்குவாதம் இல்லை.

## சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஆமை வேகத்தில் ஏறுகிறது

இப்போது பல கம்பெனிகள் பெட்டியில் அடாப்டர் வைப்பதில்லை. ஆப்பிள் 2020-இல் ஆரம்பித்தது, மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வீட்டில் கிடக்கும் ஐந்து ஆண்டுப் பழைய சார்ஜரைச் செருகிவிட்டு, ‘ஒரு மணி நேரத்தில் ஏறும் என்றார்கள், நாலு மணி நேரம் ஆகிறது’ என்று வருகிறார்கள். வேகமாக ஏற வேண்டுமானால் போன், அடாப்டர், கேபிள் மூன்றும் ஒரே பாஷை பேச வேண்டும். கம்பெனி சொன்ன அடாப்டரைக் கடையிலேயே ஐந்து நிமிடம் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஏறினால் கோளாறு உங்கள் சார்ஜரில்.

80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது: கோளாறு அல்ல. பேட்டரி ஆயுளுக்காக வைத்த பாதுகாப்பு. பேட்டரி செட்டிங்கில் அணைத்துக்கொள்ளலாம்.

பகலில் நிற்கிறது, இரவில் ஏறுகிறது: சூடு. கீழே ‘கொதிக்கிறது’ என்ற தலைப்பைப் பாருங்கள்.

கேபிளை ஆட்டினால்தான் ஏறுகிறது: வேறு கேபிளிலும் அப்படியே என்றால் சார்ஜிங் பின் கோளாறு. புது போனில் இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. உள்ளே ஊசியை விட்டுக் குத்திப் பார்க்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் போதும், ‘வாடிக்கையாளர் சேதம்’ என்று எழுதிவிடுவார்கள்.

‘ஈரம்’ என்று எச்சரிக்கை காட்டுகிறது: மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் விடுங்கள். அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். அரிசித் தூசிதான் உள்ளே போகும்.

## காலையில் நூறு, மதியம் இருபது

முதல் மூன்று நாள் கணக்கே கிடையாது. பழைய போனிலிருந்து ஆயிரக்கணக்கான படங்கள் இறங்குகின்றன, செயலிகள் புதுப்பிக்கப்படுகின்றன, போன் உள்ளுக்குள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருக்கிறது. புதுமனை புகுந்த வீட்டில் முதல் மூன்று நாள் விளக்கு அணையாதது போலத்தான். முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று இன்றும் சில கடைகளில் சொல்லி அனுப்புகிறார்கள். அது பழைய வகை பேட்டரிக்கான பேச்சு.

நான்காம் நாளும் அப்படியே என்றால் செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து எந்தச் செயலி தின்கிறது என்று பாருங்கள். ஒரு செயலியின் பெயர் தனியாக மேலே நின்றால் அதை நீக்குங்கள். எதுவும் தனியாகத் தெரியவில்லையா? இரவு படுக்கும் முன் வைஃபை, டேட்டா இரண்டையும் அணைத்து, சதவீதத்தைக் குறித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் நாலைந்து சதவீதம் குறைந்திருந்தால் சாதாரணம். இருபது, முப்பது என்று விழுந்திருந்தால் பேட்டரியோ, போர்டு என்கிற உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையோ கெட்டிருக்கிறது. இரவும் காலையும் எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளோடு கடைக்குப் போங்கள்.

பின்மூடி லேசாக உப்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் தட்டாமாலை சுற்றினாலோ, வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், தலையணைக்கு அருகில் வைக்காதீர்கள். அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள்.

## கொதிக்கிறது

ஆப்பிள் தன் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. நம் ஊரில் கத்திரி வெயிலில் நிழலே அதைத் தாண்டிவிடும். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் சூடு ஏறினால் திரை வெளிச்சத்தைத் தானே குறைக்கும், சார்ஜை நிறுத்தும், கேமராவை மூடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சித்திரையில் பைக் கைப்பிடியில் போனை மாட்டி வழிகாட்டி வரைபடம் ஓடவிட்டு, கூடவே சார்ஜும் போட்டுக்கொண்டு உணவு கொண்டுபோகும் தம்பிகள் இதைப் பழுது என்று கொண்டுவருகிறார்கள். கவரைக் கழற்றி, நிழலில் பத்து நிமிடம் வைத்தால் சரியாகிறதா? பழுதில்லை.

கவர் இல்லாமல், சார்ஜ் போடாமல், மின்விசிறி அடியில் சும்மா கிடக்கும்போதும் கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் பழுது. இந்தச் சூட்டைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: கடைக்காரர்கள் வாய்ச்சொல்லை நம்பமாட்டார்கள், ஏனென்றால் நீங்கள் போய்ச் சேரும்போது போன் ஆறியிருக்கும். போனே காட்டும் ‘மிகவும் சூடாக உள்ளது’ எச்சரிக்கையை வேறு போனில் படம் எடுத்து வையுங்கள்.

## திரைக் கோளாறுகள்

என் மேசைக்கு அதிகமாக வருவது இதுதான், அதனால் சற்று நின்று பார்ப்போம்.

தொட்டால் கேட்கவில்லை, அல்லது தொடாமலே ஓடுகிறது. முதலில் கையைத் துடையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை எடைபோடும் அக்கா ஒருவர் மூன்று நாள் விடாமல் வந்தார். என் கடையில் தொட்டால் போன் ஒழுங்காக வேலை செய்யும், மார்க்கெட்டில் செய்யாது. பூவுக்குத் தெளித்த தண்ணீர் விரல் நுனியில் இருக்கும்வரை எந்தத் திரையும் விரலைச் சரியாக அறியாது. அடுத்து, சார்ஜரில் செருகியிருக்கும்போது மட்டும் தொடுதல் தறிகெட்டு ஓடினால் அந்தச் சார்ஜர் மட்டமானது. போனில் குற்றமில்லை.

கையும் காய்ந்திருக்கிறது, சார்ஜரும் இல்லை என்றால், கடையில் ஒட்டிக்கொடுத்த கண்ணாடியை உரித்துவிடுங்கள். நூறு ரூபாய்க் கண்ணாடிக்காக இருபதாயிரம் ரூபாய் போனைச் சந்தேகப்பட வேண்டாம். உரித்த பிறகும் திரையின் ஒரு பட்டையில் மட்டும் தொடுதல் இல்லையென்றால் பேனல், அதாவது திரையே, கெட்டிருக்கிறது. உறுதி செய்ய, ஒரு செயலியின் படத்தை விரலால் பிடித்துத் திரை முழுவதும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் விரலிலிருந்து நழுவினால் அங்கே செத்துக் கிடக்கிறது.

வளைந்த திரை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. போனை மாற்றிக்கொள்ளும் காலம் முடியும்வரை, பசையை ஊற்றி நீல விளக்கில் காயவைத்து ஒட்டும் கண்ணாடியை ஒட்டாதீர்கள். பசை பட்டன் இடுக்கிலும் காது ஸ்பீக்கரிலும் இறங்கிவிடும். அப்புறம் எந்தக் கோளாறுக்கும் பழி உங்கள் மேல்தான்.

கோடு விழுகிறது. கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு போனுக்கு அனுப்புங்கள். அந்தப் போனிலும் கோடு தெரிந்தால் மென்பொருள். போனை அணைத்துப் போட்டு, அப்டேட் செய்து பாருங்கள். அங்கே படம் சுத்தமாக இருந்தால் உங்கள் பேனல் போய்விட்டது. பச்சைக் கோடோ வெள்ளைக் கோடோ, எந்த அப்டேட்டும் அதை அழிக்காது. மேலூர்க்காரர் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் நான்காம் நாளே கடையில் பதில் சொல்லியிருப்பார். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு: சாட்சிக்காக ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள், அதில் கோடு இருக்காது. கடைக்காரர் சிரிக்கிறார். பேனல் கோளாறுக்கு வேறு போனால் எடுத்த படமோ வீடியோவோதான் சாட்சி.

புள்ளி. முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒவ்வொன்றாகத் திரை நிறைய வைத்துப் பாருங்கள். எந்த நிறத்திலும் மாறாத புள்ளி இருந்தால் பிக்சல் கெட்டது. ஒரே ஒரு புள்ளிக்குக் கம்பெனி மசியாமல் போகலாம். ஆனாலும் முதல் வாரத்தில் கேட்காமல் விடாதீர்கள்.

பேசும்போது திரை கறுத்துப்போய், அழைப்பை முடிக்கவே முடியவில்லை. காதருகே வைத்தால் திரையை அணைக்கும் உணரி மேல்பக்கம் இருக்கிறது. கண்ணாடியோ, அதன் கறுப்பு ஓரமோ அதை மறைக்கிறது. உரித்தால் சரி.

## பேச்சும் சிக்னலும்

எதிரே பேசுகிறவர் குரல் எனக்குச் சன்னமாகக் கேட்கிறது. காது ஸ்பீக்கர் மேல் கம்பெனி ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறதா? அழகாக இருக்கிறதென்று அதை உரிக்காமலே வைத்திருக்கிறவர்கள் உண்டு.

என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. கவரைக் கழற்றிவிட்டுக் குரல் பதிவில் பத்து விநாடி பேசிக் கேளுங்கள். தெளிவாக இருந்தால் மைக் நன்றாக இருக்கிறது. கவரோ நெட்வொர்க்கோதான் காரணம். பதிவும் மங்கலாக இருந்தால் மைக் கெட்டது. ஸ்பீக்கர் போட்டால் கேட்கிறது, காதில் வைத்தால் கேட்கவில்லை என்றாலும் கோளாறுதான், ஏனென்றால் இரண்டுக்கும் வேறு வேறு மைக் பயன்படும்.

சிக்னல் இல்லை. உங்கள் சிம்மை வீட்டில் உள்ள வேறு போனில் போடுங்கள், அவர்கள் சிம்மை உங்களுடையதில் போடுங்கள். கோளாறு சிம்மோடு போனால் சிம், போனோடு நின்றால் போன். இதைச் செய்யாமல் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் உள் அறையில் சிக்னல் கோடு குறைவது இயல்பு. வாசலுக்கு வந்து பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு வைகைக் கரையில் நின்றுகொண்டு நெட்வொர்க் இல்லை என்று புது போனைத் திட்டுவதும் நடக்கிறது. அன்று இருக்கும் கூட்டத்துக்கு எந்தக் கோபுரமும் தாங்காது.

டேட்டா வருகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. பேச்சு முழுவதும் 4ஜி, 5ஜி வழியாகத்தான். செட்டிங்கில் வோல்ட்டி, அல்லது ‘4ஜி காலிங்’ அணைந்திருந்தால் பேச முடியாது.

ஓ.டி.பி. வரவில்லை, வங்கிச் செயலி திறக்கவில்லை. புது போனோடு புது சிம் அட்டையும் வாங்கினீர்களா? அதே எண்ணுக்கு அட்டை மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். போகவும் செய்யாது, வரவும் செய்யாது. சிம் மாற்றி வங்கிப் பணத்தைத் திருடும் மோசடிக்காக வைத்த தடை அது. பொறுத்திருங்கள். அட்டை மாற்றவில்லை என்றால், எஸ்.எம்.எஸ். அனுப்பும் சிம்மாக வங்கியில் பதிந்த எண் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாடிப்பட்டியிலிருந்து ஓர் அம்மா இதற்காக மூன்று பஸ் மாறி வந்தார். வேலை முப்பது விநாடி. காசு வாங்க மனம் வரவில்லை.

## தானே அணைந்து தானே எழுகிறது

மெமரி கார்டு இருந்தால் அதைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பழைய கார்டு புது போனைக் கவிழ்ப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு சேஃப் மோட். அதில் நீங்கள் ஏற்றிய செயலிகள் எதுவும் ஓடாது. அங்கே ஒழுங்காக இருந்தால் ஏதோ ஒரு செயலிதான் குற்றவாளி. கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

சேஃப் மோடிலும் அணைந்தால், போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்கும் ஃபாக்டரி ரீசெட் ஒரே ஒருமுறை. படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு, கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகச் செய்யுங்கள். பட்டன்களை அழுத்தி வேறு வழியில் அழித்தால், மறுபடி திறக்கப் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது மறந்தவர்கள் என் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். ரீசெட் செய்து, எந்தச் செயலியும் ஏற்றாமல், அப்போதும் அணைந்தால் போர்டு கோளாறு. நிறுத்திக்கொள்ளுங்கள்.

## கேமராவும் கொள்ளளவும்

படம் மங்கலா? லென்ஸ் மேல் ஒட்டிய தாளை உரியுங்கள். உள்ளே ஆவி படிந்திருந்தால் மாற்றக் கேளுங்கள். படம் நடுங்கிக்கொண்டே இருந்தால், போனை பைக்கில் மாட்டி ஓட்டினீர்களா என்று யோசியுங்கள். இன்ஜின் அதிர்வு கேமராவின் நிலைநிறுத்தியைக் கெடுக்கும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது.

128 ஜி.பி. போனில் முழுதும் காலியாக இல்லை என்பது கோளாறு அல்ல. போனை இயக்கும் மென்பொருளும் அதில்தான் குடியிருக்க வேண்டும்.

## போன் நன்றாக இருக்கிறது, பெட்டி மேல்தான் சந்தேகம்

சீல் பிரிந்து ஒட்டியது போல, சார்ஜிங் துளையில் தேய்மானம், உள்ளே யாருடைய படமோ கிடக்கிறது. மூன்று எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சேவை. அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். தடைசெய்யப்பட்டது, போலி என்று வந்தால் போனைப் பயன்படுத்தாமல் நிறுத்துங்கள்.

கம்பெனியின் இணையத்தளத்தில் வாரண்டி எப்போது ஆரம்பித்தது என்றும் பார்க்கலாம். பில் தேதிக்கு முந்தைய தேதி இருந்தால் யாரோ முன்பே இயக்கியிருக்கிறார்கள். விற்பனை இலக்கைக் காட்டுவதற்காகவே கடையில் திறந்து மூடும் பழக்கமும் உண்டு. எதுவானாலும் நீங்கள் கொடுத்தது புதுப் பொருளுக்கான பணம். வாரண்டித் தேதியையாவது பில் தேதிக்கு மாற்றித் தரச் செய்யுங்கள்.

## கடைக்குப் போகும்போது

ஞாயிறு மாலை போகாதீர்கள். வார நாளில் காலை பதினோரு மணிக்கு முன் போங்கள். மேலாளர் இருப்பார், கூட்டம் இருக்காது. ‘கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் அண்ணே’ என்று ஆரம்பித்தால் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ‘மாற்றித் தாருங்கள்’ என்று ஆரம்பியுங்கள். போனை உள்ளே எடுத்துக்கொண்டு போய்ப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ‘நம் பையன் ஒருவன் இருக்கிறான், உடனே சரிசெய்துவிடுவான்’ என்பார்கள். அந்தப் பையன் என்னைப் போன்றவன்தான். அவன் பிரித்ததும் உங்கள் வாரண்டி போய்விடும்.

‘சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்’ என்று கை காட்டினால், அதையே பில்லின் நகலில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுதுவதைவிட மாற்றித் தருவது மேல் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

இணையத்தில் வாங்கியிருந்தால் கெடு முடியும் முன் செயலியிலேயே புகாரைப் பதியுங்கள். வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசியில் பேசியது பேச்சாகவே போய்விடும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

## சர்வீஸ் சென்டரில்

சிம், மெமரி கார்டு, கணக்குகள், பணச் செயலிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஆறு பக்கமும் படம் எடுங்கள். போனை வாங்கிக்கொண்டதற்கும் உங்கள் புகாருக்கும் அவர்கள் எழுதித் தரும் தாளான ஜாப் ஷீட் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

அந்தத் தாளைப் படியுங்கள். நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும். ‘திரையில் நிலையான பச்சைக் கோடு’ என்று நீங்கள் சொல்ல, ‘மென்பொருள் சிக்கல்’ என்று எழுதுவார்கள். திருத்தச் சொல்லுங்கள். கீறல், அடி இருக்கிறது என்று இல்லாததை எழுதியிருந்தால் கையெழுத்திடாதீர்கள். ‘தண்ணீர் போயிருக்கிறது’ என்றால், உள்ளே நிறம் மாறிய ஈரக்குறி ஒட்டியைப் படம் எடுத்துக் காட்டக் கேளுங்கள். தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்த போனுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கு வாரண்டி தருவதில்லை என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. அதே கோளாறு திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் புது ஜாப் ஷீட். ஒரே புகாரோடு மூன்று தாள் இருந்தால் அது உற்பத்திக் கோளாறு என்று பேச உங்களுக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

தவணையில் வாங்கியவர்கள் கவனிக்க: போனைத் திருப்பிக் கொடுத்ததால் கடன் தானே நிற்காது. கடன் ரத்தானதற்கான கடிதமோ மின்னஞ்சலோ வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். கோபத்தில் நிறுத்திவிட்டு, பிறகு வீட்டுக் கடன் கிடைக்காமல் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

## எல்லாரும் கைவிரித்தால்

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதையும், பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராததும் அப்படியே.

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கம்பெனியிடம் புகாரைக் கொண்டுபோவார்கள். என் வாடிக்கையாளர்கள் பலருக்கு இந்தப் படியிலேயே முடிந்திருக்கிறது. முடியாவிட்டால் கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒரு பக்கக் கடிதம் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் உசிலம்பட்டிக்காரர் மதுரையிலேயே போடலாம். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு அந்த அலைச்சல் தகுமா என்பதை அவரவர் வேலை, கூலியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவு எடுக்கும்வரை போனை யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள், என்னிடமும்கூட.

## மாற்று போன் கைக்கு வந்ததும்

கடையைவிட்டு இறங்கும் முன்பே *#06#. புது எண் பழைய பில்லில் இருக்காது. பில்லைத் திருத்தியோ புதிதாகவோ அடித்து வாங்குங்கள். காப்பீடு எடுத்திருந்தால் அதிலும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். பிறகு கண்ணாடி ஒட்டாமல், கவர் போடாமல், அங்கேயே நின்று ஒரு அழைப்பு, ஒரு குரல் பதிவு, ஒரு வெள்ளைப் படம், ஐந்து நிமிடம் சார்ஜ்.